தண்ணீர் ஒட்டாத கை

மூன்றாவது செம்புத் தண்ணீரும் வாப்பாவின் வலது கையில் ஒட்டவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, விரலிடுக்கில் உருண்டு, பலகையில் விழுந்தது.

"மேல்ல தண்ணி படாட்டி குளிப்பாட்டின கணக்கில்ல மகன்," என்றார் அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த லெப்பை. "என்ன அது?"

"கிரீஸ்," என்றான் இத்ரூஸ்.

அந்தக் கிரீஸ் பேச்சில்தான் நேற்று வீடு இரண்டுபட்டது.

பதுளையில் வாப்பா மொஹிதீனின் கராஜ் தோட்டத்து லொறிகளுக்குப் பேர்போனது. அப்புத்தளை, கொஸ்லந்த என்று எங்கே லொறி படுத்தாலும் அவரிடம்தான் வந்து நிற்கும். பொத்துவிலில் இருக்கும் மச்சான் அஸீஸின் படகு எஞ்சினோ பஸ் கூரையேறி மலைக்கு வந்தது. ஆயுளில் இரண்டே தடவை கடலைப் பார்த்த மனுசன் கடல் எஞ்சின் பூட்டுகிறாராம் என்று கடைத்தெரு சிரித்தது. அவருக்கு அதுவும் பெருமைதான். ஆனால் போன வருஷம் அவர் பூட்டிக்கொடுத்த எஞ்சின், பல்சக்கரம் அரித்துப்போய் நடுக்கடலில் நின்றது. அஸீஸும் கூடப்போன இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க அலையில் கிடந்தார்கள். அதே எஞ்சின்தான் இப்போது மறுபடியும் வந்திருந்தது.

பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைப் பற்றி வாப்பாவுக்கும் மகனுக்கும் தகராறு இல்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பல்சக்கர அடிப்பெட்டிக்கு எந்தக் கிரீஸ் என்பதில்தான் சண்டை. லொறிச் சக்கரத்துச் சோடா கிரீஸை விட்டால் வாப்பாவுக்கு வேறு கிரீஸே கிடையாது. அது எந்தச் சூட்டையும் தாங்கும், தண்ணீர் பட்டால் மட்டும் பாலாய்க் கரைந்துபோகும். இத்ரூஸ் எஞ்சினோடு வந்த சிறு புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பண்டாரவளைக்குப் போய் தண்ணீருக்கு அசையாத சுண்ணாம்புக் கிரீஸ் ஒரு டின் வாங்கி வந்திருந்தான்.

"முப்பது வருஷமா இந்தக் கிரீஸ்தான். இப்ப பொஸ்தகம் பார்த்து எனக்குப் படிச்சிக் குடுக்கிறியா?"

"ஒங்கட கிரீஸாலதான் மாமா நடுக்கடல்ல நிண்டாரு! அவங்க திரும்பி வராட்டி மூணு மௌத்துக்கு நீங்க பதில் சொல்ல ஈந்திச்சி!"

வாப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சொன்ன சொல் இத்ரூஸையே சுட்டது. விடிந்ததும் மாப்புக் கேட்கலாம் என்று படுத்துவிட்டான்.

இன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு நேரே கராஜுக்குப் போன மொஹிதீன், திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். உம்மா கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கை கழுவக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

இத்ரூஸ் இன்னொரு செம்பு ஊற்றினான். சோடா கிரீஸென்றால் இத்தனை தண்ணீருக்கு வெளுத்துக் கரைய ஆரம்பித்திருக்கும். இது அசையவே இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணெண்ணெயில ஒரு தொட தொடைங்க. பகல் ளுஹர் தொழுகைக்கு எடுக்கணும்," என்றார் லெப்பை.

"வேணாம். அது எரியும்."

லெப்பை அவன் முகத்தைப் பார்த்தார்.

"உம்மா, கொஞ்சம் தேங்காண்ணெய்."

திரைக்கு அப்பாலிருந்து ரஹ்மத்தும்மாவின் கை கிண்ணத்தை நீட்டியது. "காலம்பற ஒன்ட கிரீஸ் டின் எங்க ஈக்குதுண்டு கேட்டாரு," என்றாள் அழுகையினூடே. "ஒன்னைய எழுப்பவாண்டு கேட்டேன். தூங்கட்டும்ண்டாரு."

இத்ரூஸ் கிண்ணத்தை வாங்கினான். வாப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவி உருவினான். நகக்கண்களை ஈர்க்கால் மெல்லத் தோண்டினான். அப்புறம் சவர்க்காரம் போட்டான். தண்ணீர் முதல் தடவையாகக் கை முழுக்கப் பரவி ஓடியது.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். இத்ரூஸ் தொழுகைக்கு முன் கை முகம் கழுவும் வுளூ செய்யத் தொட்டியருகே குனிந்தான். அவனுடைய கட்டைவிரல் ஓரத்தில் தண்ணீர் முத்தாகத் திரண்டு நின்றது.

"இத்ரூஸ், ஒங்களத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறோம்," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் தொட்டிக் கல்லின் விளிம்பில் விரலை வைத்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினான்.