கருப்புக் குழாயின் விளிம்பு

விரிசல் மறுபடியும் அதே இடத்தில்தான் விட்டிருந்தது. தம்பி போட்ட வெல்டிங்கின் நடுவில் இல்லை. வெல்டிங்கும் கருப்பு எஃகுக் குழாயும் சேரும் விளிம்பில், கத்தியால் கீறிவிட்டதுபோல ஒரே நேர்கோடு. மறுபக்கத்து ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்றும் அறியாத பிள்ளைபோலப் பளபளத்தது. அக்கா அந்தக் கோட்டை நகத்தால் வருடிப் பார்த்தாள். ஏன் எப்போதும் இந்தப் பக்கம் மட்டும்?

எந்த இணைப்பில் எந்த வெல்டிங் ராடை உருக்கிச் சேர்ப்பது என்று முடிவு செய்து எழுதிக் கொடுப்பது ஆலையில் அவள் வேலை. அதன்படி வெல்டிங் செய்கிறவன் அவள் கூடப்பிறந்தவன். பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாயின் இந்த இணைப்பை வெட்டி வெட்டி மூன்று தடவை போட்டாயிற்று. காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"தம்பின்னு பாக்காதீங்கம்மா. கை போயிடுச்சுன்னா போயிடுச்சுதான். நாளைக்கு வேற ஆளு வருவான்."

நீராவி இணைப்பில் பேர் கெட்டவனை எந்த ஆலையும் உள்ளே விடாது. அதற்குப் பிறகு தம்பி எடுத்த டீ கிளாஸ் தட்டில் கடகடவென்று ஆடியதை அவள் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முடியளவு இடைவெளியில் தீயை நிறுத்தத் தெரிந்த கை அது.

வெல்டிங்கை எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எள்ளளவு ஓட்டைகூட இல்லை. பிறகு என்னதான் கேடு? கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டும்விட்டாள்.

"டேய், உண்மையச் சொல்லு. எங்கயாச்சும் அவசரப்பட்டியா?"

"நீயுமாக்கா?"

அவள் தலை குனிந்தாள். அவன்தான் சிரிக்கப் பார்த்தான்.

"இந்தக் குழாய்க்கும் என்னை மாதிரிதான் போல. திங்கக்கிழமைன்னா வேலைக்கு வர மனசில்ல. ஞாயிறு பூரா குளுந்து கெடந்துட்டு, பாய்லர ஏத்துனதும் வாயப் பொளந்துடுது."

"என்ன சொன்ன?"

"சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன், விடு."

அவளால் விட முடியவில்லை. கருப்பு எஃகும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேர்ந்தால் முந்நூற்றொன்பதாம் எண் ராடு என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். கருப்பு எஃகு உருகி வெல்டிங்கோடு கலக்கும்போது வெல்டிங் நீர்த்து வலுக் குறையாமலிருக்க, அந்த ராடில் குரோமியமும் நிக்கலும் கூடுதலாக இருக்கும். தண்ணீர்க் குழாய்க்கு அது நன்றாகவே உழைக்கும். அவளும் யோசிக்காமல் அதையே எழுதினாள். ஆனால் இது கொதிக்கும் குழாய். வாரம் தவறாமல் ஆறிச் சூடேறுகிற குழாய். சூட்டில் ஸ்டெயின்லெஸ் அதிகம் நீளும், கருப்பு எஃகு குறைவாக நீளும். அந்த ராடோ ஸ்டெயின்லெஸ் கட்சி. அதுவும் அதோடு சேர்ந்து நீளும். அப்படியானால் இழுபறி முழுக்கக் கருப்பு விளிம்பில்தான் விழும். போதாததற்கு, நீண்ட நாள் சூட்டில் கருப்பு எஃகின் கார்பன் குரோமியத்தைத் தேடி வெல்டிங்குக்குள் நகர்ந்துவிடும். வலு இழந்த விளிம்பு கிழியாமல் என்ன செய்யும்?

மூன்று தடவையும் அவன் கை சரியாகத்தான் போட்டது. தவறானதை, மிகச் சரியாக.

அவன் கையைப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தப்பு இவன் கைல இல்ல சார். நான் எழுதிக் குடுத்த ராடுல."

மேனேஜர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பிக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்களா?"

"விரிசல் எந்தப் பக்கம், எந்தக் கிழமைன்னு நீங்களே வந்து பாருங்க சார்."

"சரி. இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

தம்பி கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"நிக்கல் ராடு சார். அது கருப்பு எஃகு அளவுக்குத்தான் நீளும், கார்பனையும் லேசுல உள்ள விடாது. மிச்ச இழுபறிய ஸ்டெயின்லெஸ் பக்கம் தாங்கிக்கும். கருப்புக் குழாயச் சூடாக்கி, அது வாயில முதல்ல நிக்கல உருக்கிப் பூசணும். பூசினதத் திரும்பச் சூடேத்தி மெதுவா ஆறவிடணும். அப்புறம் அதே நிக்கலால ஸ்டெயின்லெஸ்ஸோட சேக்கணும். இவனே போடட்டும் சார்."