மூலைக்கு ஓர் ஆப்பு

அக்கா சட்டத்தின் முனையில் பசை தடவித் தள்ளுவாள். தம்பி வாங்கி மிஷினில் வைப்பான். சாய்வாக அறுத்த இரண்டு முனைகளையும் நெருக்கிப் பிடித்துக் காலால் மிதித்தால், மேலிருந்து ரப்பர் கட்டை இறங்கி அமுக்கும். கீழிருந்து மடங்கிய தகட்டு ஆப்பு மரத்துக்குள் ஏறும். படத்துக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் அவன் பெயரே ஆப்புதான். "இன்னைக்கு யாருக்குடா வைக்கப்போற?" என்று கண்ணாடி வெட்டுகிறவர் தினமும் கேட்பார், தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

புருஷன் படுத்த படுக்கையான பிறகு அக்காவை அங்கே சேர்த்துவிட்டவன் அவன்தான். "எங்கக்கா வேலையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க" என்று முதலாளியிடம் மார்தட்டிச் சொல்லியிருந்தான்.

பெரிய சட்டம் என்றால் மூலைக்கு இரண்டு ஆப்பு அடிப்பது வழக்கம். ஆப்பு விலை ஏறியதும் முதலாளி வந்து நின்றார். "எல்லாத்துக்கும் ஒண்ணே போதும். மிச்சத்தைப் பசை பாத்துக்கும்." அவன் தலையாட்டினான். பக்கத்தில் குனிந்திருந்த அக்காவும் அதைக் கேட்டாள்.

ஒருநாள் மதியம் ஓர் அம்மாள் பழைய போர்வையில் சுற்றிய சட்டத்தை மேஜைமேல் போட்டார். இந்தக் கடையில் சட்டம் போட்ட குடும்பப் படம்தான். கீழ்க்கட்டை பிரிந்து, கண்ணாடி கட்டிலில் விழுந்து நொறுங்கியிருந்தது.

"பேரப்புள்ளைய அப்பதான் தூக்கிட்டு எழுந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் படுக்க வச்சிருந்தா?" என்று முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி பிரிந்த மூலையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். மரத்தைப் பிளந்துகொண்டு ஒற்றை ஆப்பு துருத்தி நின்றது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"பசை சரியாத் தடவல. அதானே? நீயே சொல்லு."

கண்ணாடி வெட்டுகிறவரின் கை நின்றது. 'நீங்கதானே ஒண்ணு போதும்னு சொன்னீங்க' என்பது தம்பியின் நாக்கு நுனிவரை வந்தது. போன மாதம் எதிர்த்துப் பேசிய மெருகுக்காரனை முதலாளி அன்றே வெளியே அனுப்பியது நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க," என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைக் கும்பிட்டாள். "என் தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"இந்தப் பொம்பள நாளைலேர்ந்து இங்க இருக்கமாட்டா, போதுமா?" என்று முதலாளி அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தினார்.

சாயங்காலம் அவன் வாசல்வரை பின்னாலேயே போனான். கூசிப்போய் அவள் செருப்பைத்தான் பார்க்க முடிந்தது.

"அக்கா, நான்..."

"உள்ள போடா. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அடுப்பு எப்படி எரியும்? உங்க மாமாகிட்ட நானே எதையாவது சொல்லிக்கறேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நின்ற இடத்திலேயே குறுகிப்போனான்.

மறுநாள் காலை முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "பசையும் இனிமே நீயே தடவிக்க. அப்புறம், பெருசுக்கெல்லாம் மூலைக்கு ரெண்டு அடி."

கண்ணாடி வெட்டுகிறவர் இன்று அவனை ஒன்றும் கேட்கவில்லை.

கழுவாமல் விட்டால் பசை பிரஷ் ஒரே இரவில் கட்டையாகிவிடும். அக்காவின் பிரஷ் தண்ணீர்க் குவளையில் மிருதுவாக நின்றது. வேலை போன பிறகும் கழுவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவன் அதை எடுத்து உதறினான். முனைக்குப் பசை தடவி மிஷினில் வைத்து மிதித்தான். சட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு முறை மிதித்தான்.