முத்துப் பட்டன் வைத்த சட்டை

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு றிப்தி கட்டாரிலிருந்து வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது, அக்கா முனவ்வறாவின் கைக்குழந்தை நஜ்லாவுக்கு வாங்கிய ரோஸ் நிறச் சட்டை. நெஞ்சில் முத்துப் பட்டன்கள் வரிசையாக மினுங்கின.

"ராத்தா, கல்முனைக் கடை முழுக்கச் சுத்தினாலும் இப்பிடி ஒண்டு எடுக்கேலா. அசல் வெளிநாட்டுச் சாமான்" என்றான். வெளிநாட்டுக்குப் போன தம்பிமாருக்கு, அங்கே விற்கிறதெல்லாம் அங்கேயே முளைத்தது என்றுதான் நினைப்பு.

பட்டனைக் கண்டதுமே முனவ்வறா எட்டி வாங்கினாள். சட்டையைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள். கக்கத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் குறுக்கும் மறுக்குமாகக் கீறிய ஒரு சின்னப் புள்ளடி. அவள் போட்ட புள்ளடி.

போன வருஷம் வரை அவள் ஒரு கார்மெண்டில் தைத்த உடுப்பைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். கம்பனி திடீரென்று மலிவான நூலுக்கு மாறியது. அந்த நூலில் தைத்த பட்டன் ஓர் இழுவைக்குக் கையோடு வந்தது. குழந்தை உடுப்பு, கைக்கு வந்தது வாய்க்குத்தானே போகும்? அவ்வளவு சட்டையையும் கழித்துவிட்டாள். மற்றவர்கள் கழித்ததற்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள் என்று இவள் பேனையால் கீறினாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

ஓடர் பிந்துகிறது என்று மேலே உள்ளவர்கள் குதித்தார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழுதவள் சுப்பவைசர் சிவரூபினி. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து போய்வந்தவள். அவள் வீட்டுப் பொங்கலும் இவள் வீட்டு வட்டிலப்பமும் கைமாறாத வருஷமில்லை.

"வேல போனாலும் நீ செஞ்சது வீண் போகல்லகா. அவ்வளவு சட்டையையும் என்ட கையாலயே வெட்டிப் போட்டுட்டன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முனவ்வறா வேலையில்லாத நாட்களைத் தள்ளினாள். வேலைதான் போனது, எங்கேயோ ஒரு பிள்ளை தப்பியதே என்று. எங்கே தப்பியது? கடல் தாண்டிப் போய், விலையும் ஏறி, அவள் பிள்ளையிடமே அல்லவா வந்து நிற்கிறது!

மாமாவின் மடியிலிருந்த நஜ்லா எட்டிச் சட்டையை இழுத்து வாயில் வைத்தாள். முனவ்வறா பாய்ந்து பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டாள். முத்து விரலோடு வந்தது. பிள்ளை வீரிட்டது. றிப்தியின் முகம் செத்துப்போனது. பாவம், அவன் என்ன கண்டான்.

சிவரூபினியோடு சண்டை பிடிக்கத்தான் போனை எடுத்தாள். குரலைக் கேட்டதும் பழைய பாசம் குறுக்கே வந்தது. அவளையும் ஏமாற்றியிருப்பார்கள், அவளுக்குத் தெரியாமல் கொஞ்சத்தை ஒளித்திருப்பார்கள் என்று மனம் சாக்குத் தேடியது.

"தம்பி வந்திரிக்கான்கா. நம்மட முத்துப் பட்டன் சட்ட ஒண்டு கொண்டந்திரிக்கான், புள்ளைக்கு."

வெட்டிப் போட்ட சட்டை எப்படி வந்தது என்று அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று முனவ்வறா காத்திருந்தாள்.

"பட்டன் எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுப் புள்ளைக்கு உடுத்திவிடுகா" என்றாள் சிவரூபினி அவசரமாக. "என்ட மகளுக்கும் நான் அப்பிடித்தான் செஞ்சன்."