இடுக்கில் ஒரு கல்

இரண்டு பக்கமும் பாறை. நடுவே ஒரு படகுதான் போகலாம். நார்வேயின் தென்கரையில், தீவுகளுக்கு நடுவே ஓடும் பிளின்லெய்யா நீர்வழியில் இந்த இடுக்கு வந்தாலே குன்வோர் பேச்சை நிறுத்திவிடுவாள். புதுசாகக் கல்யாணமாகி வந்த கோடையில், நீருக்கடியில் இருக்கும் கல்லில் மோதிப் படகின் அடியை நசுக்கியவள் அவள். கல் இருப்பதைக் காட்ட அங்கே குறிக்கம்பம் கூடக் கிடையாது.

அன்று சுக்கான் அவள் கையில். கணவன் அஸ்லாக் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவள் குன்வோரின் தங்கை சோல்வி. ஸ்டவாங்கர் நகரத்திலிருந்து இந்தப் பக்கம் முதல் தடவையாக வந்திருந்தாள். படகென்றாலே பயம் என்று காலையில்கூடச் சொல்லி, அஸ்லாக்கின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கமா போ. நடுவுல கல்லு கெடக்கு," என்றாள் சோல்வி.

குன்வோர் ஏற்கெனவே திருப்பியிருந்தாள். படகு கல்லைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு அவளுக்கு உறைத்தது. வானம் மூடியிருந்தது, தண்ணீர் தார் போலக் கறுத்துக் கிடந்தது; அடியில் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

"அங்க கல்லு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"மேப்புல பாத்தேன்," என்று சோல்வி சொன்ன அதே நேரத்தில், "நான்தான் காலைல சொன்னேன்," என்றான் அஸ்லாக்.

எதிரே ஒரு படகு இடுக்குக்கு வெளியே இவர்களுக்காகக் காத்து நின்றது. அதிலிருந்த குடும்பம் கையசைத்தது. இந்தக் கரையில் கையசைத்தால் பதிலுக்கு அசைத்தாக வேண்டும். மூன்று பேரும் சிரித்தபடி கையசைத்தார்கள்.

எப்போது என்று மட்டும் கேட்டாள் குன்வோர். அஸ்லாக் காப்பியைக் கீழே வைத்தான். போன ஜூலை என்றான். ரெண்டு நாள்தான், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம் என்றான். முடிந்துவிட்டதா என்று அவள் கேட்கவில்லை.

போன ஜூலையில் அவள் ஸ்டவாங்கர் ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலருகே இருந்தாள். அதே ஊரில் இருந்த சோல்விக்கு அந்த வாரம் முழுக்க வெளியூரில் வேலை, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் அழுதாள். குன்வோர்தான் அவளைத் தேற்றினாள்.

"கதவு திறக்கிறப்பல்லாம் அம்மா தலையத் திருப்பிப் பாத்தா. நர்ஸ் வந்தாலும் நீதான்னு நினைச்சா."

"அம்மா அவ்வளவு சீக்கிரம் போயிடுவான்னு எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஆனா நான் அங்க இருந்தேன்."

அடுத்த தீவில் கடையருகே படகுத்துறை இருந்தது. அங்கே கயிறு கட்டாமல் படகை ஒட்டினாற்போல் நிறுத்தி, இருவரையும் இறங்கச் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அஸ்லாக் தாழ்ந்த குரலில் கெஞ்சினான். ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவனுக்குத் தெரிந்தவர்கள்.

"பாக்கட்டும். இறங்கு."

இறங்கினார்கள். ஏதோ வாங்கத்தான் இறங்கியதுபோல அஸ்லாக் யாரிடமோ சிரித்துப் பேச ஆரம்பித்தது அவள் காதில் விழுந்தது. மதியத்துக்கென்று வாங்கிய இறால் பையில் அப்படியே இருந்தது. வழியில் எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொன்றாக உரித்துத் தின்று பார்த்தாள். மீதியைக் கடற்புறாக்களுக்கு வீசினாள்.

இலையுதிர் காலத்துக்குள் சட்டப்படி பிரிந்தார்கள். படகு அஸ்லாக்குக்குப் போனது. குன்வோர் கடல் தெரியாத ஓர் ஊரில் வீடு எடுத்தாள். அடுத்த கோடையில் அந்த இருவரையும் படகில் பார்த்ததாக ஒரு பழைய சிநேகிதி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அஸ்லாக்கை நினைத்து அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறொரு நாள் மீன் உருண்டைக்கு மாவு பிசைந்தாள். அம்மா அதில் போட்டது ஜாதிக்காயா, ஜாதிபத்திரியா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். போனை எடுத்தாள், சோல்வியின் பெயர் வரை போனாள், வைத்துவிட்டாள். இரண்டையும் போடாமலே பொரித்தாள். தனியாக உட்கார்ந்து, அந்தச் சப்பென்ற உருண்டைகளை ஒன்று மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.