பாதியில் நின்ற பெயர்

பாளையங்கோட்டையில் அந்த மிஷன் கல்லூரியின் சர்வருக்குள் முழு அனுமதியோடு நுழையக்கூடியவர் பதினோரு வருடமாக ஹெப்ரான் ஒருவர்தான். எதையாவது நிறுத்தவோ தொடங்கவோ வேண்டுமென்றால் முதல்வரே அவரைத் தேடி வரவேண்டும். வேறு யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று, தலைமைக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லைக்கூட முடக்கி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்த கையோடு, ஸ்வீட்லினுக்கும் அதே அனுமதியைக் கொடுத்துவிடும்படி முதல்வர் வேதமுத்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஸ்வீட்லின் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆமென் சொன்ன வாயால் மறுப்புச் சொல்ல ஹெப்ரானுக்கு வரவில்லை. அன்றே கொடுத்தார்.

"என்ன வே, ஒம்ம சாவிக்கு டூப்ளிகேட் போட்டாச்சாமே," என்றார் தலைமை எழுத்தர் ஞானசிகாமணி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மேசைத் தொலைபேசியைத்தான். எந்தத் துறையிலிருந்து அழைத்தாலும் ஸ்வீட்லின் இருக்கிறாளா என்றே கேட்டார்கள். இல்லையென்றால், பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மாணவர்களின் ஹால் டிக்கெட் இணையதளத்தைத் திறக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு ஹெப்ரான் தன் மேசையிலிருந்தபடியே சர்வரின் அனுமதிக் கோப்பைத் திறந்தார். அதிலிருந்து ஸ்வீட்லினின் பெயரை எடுத்துவிடலாம். கேட்டால், அப்டேட்டில் போயிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். பிழை பார்த்தபிறகே சேமிக்கிற தனிக் கட்டளை அந்தக் கோப்புக்கென்று உண்டு. அதை விட்டு வேறெதிலும் திறக்கக் கூடாதென்று ஸ்வீட்லினுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். அன்று அவசரத்தில் சாதாரண எடிட்டரில் திறந்து, அவள் பெயர் இருந்த வரியைக் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். கதவு திறந்தது. சார் சாப்பிடப் போகவில்லையா என்று கேட்டபடி ஸ்வீட்லின் வந்து நின்றாள். அழித்தது அழித்தபடியே சேமித்து மூடினார்.

ஒன்றே முக்காலுக்குத் தளத்தைத் தொடங்கக் கட்டளை கொடுத்தார். அனுமதிக் கோப்பில் பிழை இருக்கிறது, யாருக்கும் அனுமதியில்லை என்றது சர்வர். ரூட்டாக நுழைகிற வழியை அவரே அடைத்தாயிற்று. சர்வர் அறைக்குப் போய், அதன் சொந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அணைத்து, பழுதுபார்க்கும் வழியில் தொடங்கினால்தான் உண்டு. அறைச் சாவி ஸ்வீட்லினிடம் இருந்தது. அங்கே ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர் வாளியைத் தூக்கிக் கொட்டுவது புதிதாக வந்தவர்கள் வேலை என்று அவர் கொடுத்த சாவி.

கேட்டார். அவளும் கூடவே வந்தாள். வழி அவருக்குத் தெரியும். ஆனால் செய்து ஏழெட்டு வருடமாகியிருந்தது. இரண்டு முறை தப்பாகப் போனது. இரண்டு முறை முதல்வர் அவர் செல்போனுக்கு அழைத்தார்.

"நான் பாக்கட்டுமா, சார்?"

எழுந்து நாற்காலியை விட்டார். ஒரே முறையில் கோப்பு திரைக்கு வந்தது. அவள் பிழையிருந்த வரியில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எம் பேரு பாதியில நிக்கி, சார். அழிச்சிரவா, எழுதிரவா?"

எதைச் செய்தாலும் தளம் திறந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் முகத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்திருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பார்.

"எழுதும்மா."

கீபோர்டைப் பார்க்காமலே எழுதினாள். இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் தளம் திறந்தது. முதல்வர் மறுபடி அழைத்தார். இந்த முறை மணி ஸ்வீட்லினின் போனில் அடித்தது.