சொந்தக் குரலே சக்களத்தி

சின்ன போன் கம்பெனியைப் பெரிய கம்பெனி விழுங்கிய மறுநாள் காலையிலிருந்து, மூக்குக்கண்ணாடிக் கடை அக்காவின் குரல் செல்போனில் மட்டும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரலாகக் கேட்க ஆரம்பித்தது. நேரில் அதே பழைய குரல்தான், நாள் முழுக்கக் கடையில் நின்று "கீழ் வரியைப் படிங்க, இப்ப தெரியுதா" என்று கேட்டுக் கேட்டுக் கரகரத்துப்போன குரல். இதில் அவள் தப்பு எதுவும் இல்லை. சின்னக் கம்பெனியின் வாடிக்கையாளர்களைப் பெரிய கம்பெனி மொத்தமாக வாரிக்கொண்டு போனபோது, பெயர், முகவரி, போட்டோவோடு சிம் வாங்கிய அன்று அவரவருக்கு இருந்த குரலும் சேர்ந்து போய்விட்டது. இனி என்ன பேசினாலும் எதிர்முனையில் அந்தக் குரலில்தான் கேட்கும். "உங்கள் சேவையில் எந்த மாற்றமும் இல்லை" என்று எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சளி பிடித்த நாளில் சிம் வாங்கியிருந்த மருந்துக் கடைக்காரர் அன்று முதல் போனில் மூக்கடைப்போடு பேசினார். மாமியார் பெயரில் சிம் வாங்கியிருந்த டயர் கடைக்காரர் கதை இன்னும் மோசம். அவர் வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி "சொல்லும்மா" என்றாள். ஆனால் அந்த மனுஷனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "மாப்பிள்ளையைத் திட்டாதடி" என்று ஒரு மாதம் அதே குரலில் சொல்லிச் சொல்லி நன்றாகக் காரியம் சாதித்துக்கொண்டார்.

வேறு கம்பெனிக்கு மாறிவிட வேண்டியதுதானே என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கே மாறுவது? முன்பெல்லாம் கம்பெனிக்காரர்கள் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து சிம் கொடுத்தார்கள். ஒன்றை ஒன்று தின்று தின்று கடைசியில் இரண்டுதான் மிச்சம். அந்த இன்னொரு கம்பெனிக்கு எங்கள் பக்கம் டவர் கிடையாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், இறங்கினால் போய்விடும்.

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நாங்கள் லிப்ட்காரர் என்போம். அவர் ஆரம்பத்திலிருந்தே பெரிய கம்பெனி, ஆகையால் அவர் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா சிம் வாங்கியது, இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்வதற்கு முந்தைய வாரம். அப்போது அவர் போன் போடுவார், அவள் பிடிகொடுக்காமல் பேசுவாள், சிரிப்பாள், யோசித்துச் சொல்கிறேன் என்பாள். அந்த ஒரு வாரம் அவர் சாப்பிடவே இல்லை என்று அவர் தங்கை, அதாவது மேல்மாடியில் குடியிருக்கும் நாத்தனார், இன்றைக்கும் சொல்வாள். பிறகு கல்யாணம் ஆயிற்று, வருஷங்கள் ஓடின. இரண்டே பேர் உள்ள வீட்டில் பேச்சு என்பது பால், கரண்ட் பில், "வர லேட்டாகும்", "சரி" என்று சுருங்கிப்போனது. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வாரத்துக் குரல் திரும்பி வந்து அவர் காதில் பால் வாங்கிவரச் சொன்னது. லிப்ட்காரர் லிப்டுக்கு மேலே கிரீஸ் கையோடு நின்றபடி வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கடுகடுவென்றுதான் சொன்னாள், ஆனால் கடுகடுப்பு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டு, என்ன பால் என்று கேட்டார். அப்புறம் கூப்பிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். முதல் இரண்டு நாள் அக்காவுக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குள் வந்ததும் பையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் டிவி முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கொஞ்சலில் ஒரு சொட்டுகூட நேரில் நிற்பவளுக்கு இல்லை. அடுத்த வாரம் அவர் படுக்கை அறையிலிருந்து சமையலறைக்குப் போன் போட்டார். "சாப்பாடு ஆயிடுச்சாம்மா?" என்றார். அவள் கரண்டியோடு போய் வாசல்படியில் நின்று, "ஆயிடுச்சு, எழுந்து வாங்க" என்றாள். அவர் முகம் அணைந்த டியூப்லைட் போல ஆகிவிட்டது.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வேறொருத்தி என்றால் தெருவில் இழுத்து வைத்து நாலு கேள்வி கேட்கலாம். இது சொந்தத் தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கும் சக்களத்தி. எங்கே போய் முறையிடுவது? நாத்தனார் வேறு சும்மா இருக்கவில்லை. மாடியிலிருந்து துணி எடுக்க இறங்கும்போதெல்லாம், "அண்ணனைப் பாக்கவே சந்தோஷமா இருக்கு அண்ணி, புது மாப்பிள்ளையாட்டம் இருக்காரு" என்பாள். அக்கா போனில் நேரில் பேசுவதைவிட இரண்டு மடங்கு எரிச்சலோடு பேசிப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள், ஒரு நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டியும் பார்த்தாள். அன்று சாயங்காலம் லிப்ட்காரர் பூரித்துப்போய் வந்தார். எதிர்முனையில் அது செல்லக் கோபமாகக் கேட்டிருக்கிறது.

கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனாள். ஏசி போட்ட அறை, டோக்கன், கழுத்தில் பட்டையோடு ஒரு பெண். என் பழைய குரலை எடுத்துவிட்டு இந்தக் குரலைப் போடுங்கள் என்றாள் அக்கா. அந்தப் பெண் கணினியைப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னாள்: "மேடம், எங்க கஸ்டமரோட குரலும் உங்க குரலும் பொருந்தல. கஸ்டமரையே நேர்ல வரச் சொல்லுங்க." அக்கா அங்கேயே தன் போனை எடுத்து அந்தப் பெண்ணின் மேசை போனுக்குப் போட்டு, நான்தான் பேசுகிறேன், எடுத்துத் தொலையுங்கள் என்றாள். அந்தப் பெண் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து, "எவ்ளோ ஸ்வீட்டா பேசுறாங்க மேடம்" என்றாள். அக்கா டோக்கனைக் கசக்கி எறிந்துவிட்டு வந்தாள். சரி, போனே வேண்டாம் என்று அதை அணைத்து அலமாரியில் போட்டாள். லிப்ட்காரர் சோற்றைப் பிசைந்து பிசைந்து எழுந்து போனார். பார்க்கச் சகிக்காமல் அவளே மறுபடி எடுத்து வெளியே வைத்தாள். ஆத்திரத்திலும் பசித்தவனைப் பார்க்கச் சகிக்காத மனசு அவளுக்கு, என்ன செய்வது.

இந்த நிலையில் டவர் இல்லாத அந்த இன்னொரு கம்பெனி, பெரிய கம்பெனியையும் வாங்கிவிட்டது. சேவையில் எந்த மாற்றமும் இல்லை என்று மறுபடி செய்தி வந்தது. இந்த முறை குரல்கள் சொந்தக்காரர்களை விட்டுக் கழன்றுகொண்டன. மருந்துக் கடைக்காரர் தூங்கும்போது அவருடைய மூக்கடைப்பு தானே யாருக்கோ போன் போட்டு விலை சொன்னது. ஊரில் பெரும்பாலோர் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள், கடன்காரர்களைக் குரலே சமாளித்துக்கொள்ளும் என்று.

அக்காவுக்கு இது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் அவள் கண்ணெதிரே பாத்திரக் கூடை பக்கத்தில் சும்மா கிடந்தது. லிப்ட்காரரோ பால்கனியில் நின்று யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். ஒட்டடைக் கம்பை எறிந்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அவர் போனில் அவள் எண்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடித்தவள் போல அவள் கத்தினாள்.

"யாருகூடங்க பேசுறீங்க?"

போனிலிருந்து, ஸ்பீக்கர் போடாமலே தெளிவாக, அந்தக் குரல் கேட்டது. "பின்னால யாருங்க கத்துறது? எங்க அம்மா மாதிரியே கத்துறாங்க?"

லிப்ட்காரர் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அடுத்த கட்டடத்தில் துணி காயப்போட்டவர்கள்கூட நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்று அவர் சொல்லியிருந்தால் அக்கா அன்றே பெட்டியைக் கட்டியிருப்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் வீட்டுக்காரி" என்றார்.

அந்தக் குரல், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று மெல்லக் கேட்டது. அழுகைச் சத்தம் வந்தது. லைன் கட்டானது. அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை மாதத்தில் முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் நாத்தனார் எதிரே வந்தாள். ஒதுங்கி வழிவிட்டு, "யாருங்க வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள். விளையாடுகிறாளோ என்று அக்கா முறைத்தாள். அவள் விளையாடவில்லை. "இந்த வீட்ல எங்க அண்ணன் தனியாத்தான் இருக்காரு" என்றாள். உள்ளே லிப்ட்காரர் ஒருவருக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டிருந்தார். அக்காவை ஏறிட்டுப் பார்த்து, லிப்ட் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வந்தவளிடம் சொல்வது போல, "உக்காருங்க" என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போனில் இருப்பது சிம் வாங்கிய வாரத்து அவளே, இன்னும் சம்மதம் சொல்லாத பெண். கல்யாணமான ஆள் என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், இவள் கல்யாணமும் நடக்காததாகிவிட்டது.

அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் போனிலிருந்து தன் எண்ணுக்கே போட்டாள். ரிங் போயிற்று. எடுத்தாள் அந்தப் பெண்.

"நேத்து கத்தினது நான்தான்," என்றாள் அக்கா. "அவர் மேல தப்பு இல்ல. நீ சரின்னு சொல்லு."

"நீங்களே அவரோட வீட்டுக்காரியாம். என்னை ஏன்க்கா சரின்னு சொல்லச் சொல்றீங்க?"

"நீ சொன்னாத்தான்டி நான் இங்க இருக்க முடியும்."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோவம் வருமா அவருக்கு?" என்றாள்.

"வரும். சோத்தைப் பாத்தா போயிடும். குறட்டை விடுவாரு. பண்ணதை மறப்பாரு. உங்க அம்மா ஆஸ்பத்திரில இருக்கறப்போ கூடவே கிடப்பாரு, ஒரு வார்த்தை ஆறுதலா சொல்லத் தெரியாது."

"எங்கிட்ட பேசுற மாதிரி உங்ககிட்ட பேசுவாராக்கா?"

எத்தனையோ மாதமாக அவளைச் சுட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே அந்தப் பெண் விரலை வைத்துவிட்டாள். பொய் சொல்லலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது: வேண்டாம்டி, ஓடிப்போயிடு என்று சொல்லிவிட்டால் இந்த எரிச்சல் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பேச மாட்டாரு," என்றாள். "உங்கிட்ட பேசுற பேச்சுல பாதிகூட எனக்குக் கிடையாது. அதை நினைச்சா எனக்கு உன் கழுத்தை நெரிக்கணும் போல இருக்கு. ஆனா நேத்து நீ லைன்ல இருக்கறப்போ, உனக்கு முன்னாலயே என்னைத்தான் வீட்டுக்காரின்னு சொன்னாரு. கேட்டல்ல?"

"கேட்டேன்," என்றாள் அவள். பிறகு சிரித்தாள். அக்கா அந்தச் சிரிப்பைத் தன் காதால் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது என்று அவளுக்கே தோன்றியது.

"சரி," என்றாள் அந்தப் பெண்.

மாடியிலிருந்து, "அண்ணி, உங்க வீட்ல தண்ணி வருதா?" என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். கதவைத் திறந்து லிப்ட்காரர் இரண்டாவது டம்ளரை நீட்டினார், டீயில் சர்க்கரை இல்லாமல், வழக்கம் போல மறந்து.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் ஆரம்பித்தால் வீடு வந்து சேரும்வரை நீளும். அவரைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிகிறது, நடுநடுவே சிரிப்பு அடங்க நேரமாகிறது. லிப்ட்காரர் எப்போது போன் போட்டாலும் லைன் பிஸி. மனுஷன் புழுங்குகிறார். "அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு அவகிட்ட என்ன சொல்லணும்? எங்கிட்ட சொல்லுங்க, சொல்லிடறேன்" என்றாள். வேறு வழி இல்லாமல் லிப்ட்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.