பத்துக்கு ஏழு

சந்தனமாரிக்கு அந்த அளவுதான் பிடிபடவில்லை. பத்து அங்குலத்துக்கு ஏழு. அப்படியொரு அளவை யார் கேட்பார்கள்?

மரக்கட்டையில் தோணியும் சீன மீன்வலையும் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒற்றி எடுப்பது அவள் வேலை. கட்டை ஒன்பதுக்கு ஆறு, தாள் பதினைந்துக்குப் பத்து. சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டு, அடியில் பென்சிலால் தன் பேரை எழுதுவாள். படம் வாங்கும் வெள்ளைக்காரர்களோடு அந்தப் பேர் கடல் தாண்டிப் போகிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு பூரிப்பு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கே இருந்தது அவள் பேர், சொல்லுங்கள்!

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலம் தொடங்கி, யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுதான் படங்களை மொத்தமாக எடுத்தார். நேற்று சுள்ளிக்கல் வீட்டுக்கே வந்து, “அடுத்த தடவை பத்துக்கு ஏழு மதி, அது போதும் தங்கச்சி. ஒரு நூல் கூடப்படாது,” என்றார்.

“எதுக்கு பாய்?”

“ஒரு காரியமுண்டு.” குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

சந்தனமாரி அளந்து பார்த்தாள். நாலு பக்கமும் அரை அங்குலம்தான் மிஞ்சியது. பேர் எங்கே போகும்?

“குப்பைக்குப் போவும்,” என்றான் ஓட்டலில் மாவாட்டிவிட்டு வந்த புருஷன் இசக்கிமுத்து. “பேரில்லாத படத்தை டச்சுக்காரன் காலத்துதுன்னு வெள்ளைக்காரன் தலையில கட்டிருவாரு. நீ மை பூசிக்கிட்டே இரு.”

அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய், நிமிர்த்தி வைத்த பெரிய வெண்கல உருளி ஒன்றின் மறைவில் நின்றாள். சுவரெல்லாம் பழைய தேக்குச் சட்டங்கள். சட்டத்துக்குள் அவள் தோணி. அடியில் பேர் இல்லை. மேசையில் ஒரு தம்ளர் சாயா, பக்கத்தில் தூரிகை. புதுத்தாளைச் சாயாவில் நனைத்துப் பழசாக்குகிறார்!

நைனா முகம்மது தம்ளரை எடுத்தார். ஊதி ஊதிக் குடித்தார். தூரிகையைப் பசையில் தொட்டு, ஒரு சட்டத்தின் முதுகில் காகிதம் ஒட்டினார்.

“எம் பேரு எங்க பாய்?”

திடுக்கிட்டுத் திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். சுவரிலிருந்த சட்டத்தை இறக்கி, ஆணிகளை நெம்பிப் படத்தை உருவினார். வெள்ளை ஓரம் பின்பக்கம் மடிந்திருந்தது. பிரித்தால், பேர் அப்படியே இருந்தது.

“எழுதின பேரை வெட்டக் கை வரல்ல, கேட்டோ. மடக்கி வெச்சேன். மடிப்பில தாள் கிழியுது. அதான் சின்னதாக் கேட்டேன்.”

“பெரிய சட்டம் போட்டா என்னவாம்?”

“ஊரை விட்டுப் போன யூதங்க வீட்டுச் சட்டம் இது. இந்த அளவுதான் கையில இருக்கு.” குரல் தணிந்தது. “வாங்க வர்ற ஆளுக கேக்குறது சட்டத்தை, படத்தை இல்ல. வெறுஞ்சட்டம் தொங்கினா நல்லாருக்குமா? அதை உங்கிட்ட எந்த வாயால சொல்ல?”

திருட்டுப்போயிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்ய? படத்திலிருந்த தோணியின் விலாவை விரலால் தடவினாள்.

“பத்துக்கு ஏழே தாரேன். பேரு படத்துக்குள்ள வரும்.”

“எவ்விட?”

“வரும்போது பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் உளியைத் தீட்டினாள். தோணியின் கறுத்த விலாவில், ஒற்றினால் நேராக விழும்படி, எழுத்துகளைத் இடவலமாகத் திருப்பிச் செதுக்கினாள். முதல் தாளை உரித்தபோது கறுப்புக்குள் வெள்ளையாய்த் தெரிந்தது: சந்தனமாரி.

இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். “இதையும் மறைச்சிட்டாருன்னா?”

“மறைக்கட்டும். தோணியோட சேர்த்துல்ல மறைக்கணும்!” என்று அடுத்த தாளை எடுத்தாள்.